பாபிலோனுக்குச் சென்ற திருமுகம்

ஒரு நூலிலிருந்து ஓரடியை மட்டும் தனியே எடுத்து வழங்குதல் எல்லா மொழியினரிடத்தும் காணப்படும் வழக்கமாகும். நம் சங்க மண்டபங்களின் சுவர்களிலும் ஆண்டு மலர்களின் முகப்புகளிலும் கணியன் பூங்குன்றனார் பாட்டின் முதலடி விளங்கக் காண்கின்றோம். அப்பாட்டு 13 அடிகளை உடையது. எஞ்சிய பன்னிரண்டும் ஊழைப் பற்றியும், வெள்ளத்தில் மிதக்கும் தெப்பம் போன்ற உயிரின் போக்கைப் பற்றியும், மனிதருள் எவரையும் கண்டு மலைக்காத, எவரையும் தாழ்வாக எண்ணாத உள்ளத்தைப் பற்றியும் பேசுகின்றன. முதலடியை அறியாத தமிழர் இலர். பன்னிரண்டையும் அறிந்தவர் எத்துணைப் பேர் என்று கேட்டால் விடை கூறத் தயங்க வேண்டியிருக்கும்.

நம்மிடம் இவ்வாறு இருக்க, கிறித்துவ உலகில் இவ்வழக்கம் மிகப் பெரிய அளவில் வளர்ந்திருக்கின்றது. அதற்கு அச்சுக்கலையும் ஒரு காரணம். விவிலியம் இன்றுள்ளவாறு அதிகாரங்களாகப் பகுக்கப்பட்டது 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்; பாரிசில் கற்பித்துப் பின்னர்க் காண்டர்பரிப் பேராயரான ஸ்டீபன் லாங்டன் செய்த பகுப்பு அது. 1551-இல் இராபர்ட் எத்தியேன் என்னும் அச்சகத்தார் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை வசனங்களாக எண்ணிட்டு வெளியிட்டார். பாரிசிலிருந்து லியோனுக்குச் செல்லும் வழியில் தம் தந்தையார் அவ்வேலையைச் செய்தார் என்று அவர் மகன் எழுதி வைத்தமையால், குதிரையின் குலுக்கலில் எண்கள் இடம் தவறி விழுந்தன என்று ஏளனம் செய்வாரும் உளர். 1560-இல் வெளிவந்த ஜெனிவா ஆங்கில விவிலியம் ஒவ்வொரு வசனத்தையும் தனிப் பத்தியாகவே அச்சிட்டது. அன்றுமுதல் கதையாகவும் கடிதமாகவும் வழக்குரையாகவும் இருந்தவை வாசிப்போர் கண்ணுக்குத் தனித்தனி முத்துகளாகத் தோன்றலாயின. முத்து என்றால் எடுத்து வேறு மாலையில் கோக்கலாம் அன்றோ!

சில கோவைகள் நகைப்புக்குரியன. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் காதலர் பிரியுங்கால் 'மிஸ்பா' என்னும் சொல் பொறித்த அணிகளைத் தமக்குள் வழங்கிக்கொண்டனர். ஒருவரையொருவர் காணாத வேளையிலும் இறைவன் இருவரையும் காப்பான் என்பது அவர்கள் கொண்ட பொருள். ஆதியாகமத்தின் 31ஆம் அதிகாரத்தைத் திறந்து பார்ப்போர்க்கு உண்மை விளங்கும். இருபது ஆண்டுகள் ஒருவரையொருவர் ஏமாற்றிய மாமன் லாபானும் மருமகன் யாக்கோபும், இனி எவரும் எல்லை தாண்டித் தீங்கு செய்ய வரலாகாது என்று கற்குவியல் எழுப்பி, நான் காணாதபோது உன்னை ஆண்டவன் கண்காணிக்கட்டும் என்று எச்சரித்துப் பிரிந்த இடம் அது. பணமே தீமைகளுக்கு வேர் என்று பவுல் கூறியதாக வழங்குவதும் இவ்வினத்தது. அவர் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதற்கடிதத்தில் குறை கூறுவது பணத்தை அன்று, பண ஆசையை.

வேறு சிலவற்றை நகைத்து விட இயலாது. அமெரிக்காவின் மேரிலாண்டு மாநிலத்தில் அடிமையாய்ப் பிறந்து, தப்பி வந்து, அடிமை ஒழிப்பின் பெருங்குரலாய் விளங்கிய பிரெடெரிக் டக்ளஸ் 1845-இல் தம் வரலாற்றை எழுதி வெளியிட்டார். தம் எசமானர் கால் ஊனமுற்ற இளம்பெண் ஒருத்தியைக் கட்டி வைத்துக் குருதி சொட்ட அடித்ததையும், எசமானின் விருப்பத்தை அறிந்தும் செய்யாத வேலைக்காரன் பல அடிகள் படுவான் என்னும் கருத்துடைய விவிலிய வசனத்தைச் சான்றாகக் கூறியதையும் அதில் குறித்துள்ளார். அவ்வசனம் லூக்கா எழுதிய நூலின் 12ஆம் அதிகாரத்தில், 47ஆம் எண்ணில் உள்ளது. அதற்கு இரண்டு எண்கள் முன்னே செல்வோம். அடி பெறவிருக்கும் அந்த வேலைக்காரன் யார்? தலைவன் ஊரில் இல்லாதபோது மற்ற வேலைக்காரரையும் வேலைக்காரிகளையும் அடித்து, உண்டு, குடித்து வெறித்த மேற்பார்வையாளன்! அடித்தவனுக்கு எதிராகச் சொல்லப்பட்ட உவமையை அடிப்பதற்கே ஆதாரமாக்கினார் அந்த எசமானர். இரண்டே வசனங்களின் இடைவெளியில் நீதி தலைகீழாயிற்று.

இதனினும் ஒருபடி மேலே சென்றோரும் இருந்தனர். மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்று 1807-இல் இலண்டனில் ஒரு விவிலியம் அச்சிடப்பட்டது. சீர்திருத்தத் திருச்சபையாரின் விவிலியத்தில் 1189 அதிகாரங்கள் உள. இதில் இருந்தவை 232. யோசேப்பு அடிமையாக விற்கப்பட்ட கதை இருந்தது. மோசே தம் மக்களை அடிமைத் தளையினின்று மீட்டு வந்த கதை இல்லை. அடிமை என்றும் உரிமையாளன் என்றும் வேற்றுமை இல்லை எனப் பவுல் கலாத்தியர்க்கு எழுதிய பகுதியும் இல்லை. வசனத்தைச் சூழலிலிருந்து பிரிப்பது தொல்லை என்று கருதியோ என்னவோ, சூழலையே பிரித்து எறிந்து விட்டனர்.

இவ்வளவு கொடுமை ஏதுமின்றி, அன்போடும் நம்பிக்கையோடும் நாள்தோறும் சூழல் பிரிக்கப்படும் வசனம் ஒன்று உண்டு. அதனைப் பற்றியே இக்கட்டுரையில் விரிவாகக் கூற விழைகின்றேன். ஏனெனில் அது பிறந்த ஊரைவிட்டு வேற்றூரில் வாழ நேர்ந்தவர்களுக்கு எழுதப்பட்ட கடிதமொன்றில் உள்ளது.

நம் குடியிருப்புகளில் வாழும் தமிழ்க் கிறித்துவ அன்பர்தம் இல்லங்களுக்குச் சென்றிருப்போர், புத்தாண்டில் ஆலயத்தில் பெற்ற வாக்குத்தத்த அட்டையைச் சுவரில் கண்டிருப்பர். நாளுக்கொரு வசனம், ஆண்டுக்கொரு வசனம் என்று கொள்ளும் பழக்கம் கிறித்துவருள் நெடுநாளையது. செருமனியின் ஹெர்ன்ஹூட் என்னும் சிற்றூரில் 1728 முதல் நாள்தோறும் ஒரு வாசகம் வழங்கப்பட்டு, 1731 முதல் அது நூலாகவும் அச்சாகி வருகின்றது. இலண்டன் போதகர் ஸ்பர்ஜன் 1888-இல் இத்தகைய நூலொன்றுக்கு 'நம்பிக்கை வங்கியின் காசோலைப் புத்தகம்' என்று பொருள்படும் பெயரையே இட்டார். அட்டைகளிலும் வாழ்த்து மடல்களிலும் மிகுதியாக இடம்பெறும் வசனங்களுள் எரேமியாவின் 29ஆம் அதிகாரம் 11ஆம் வசனம் ஒன்று. உங்களைக் குறித்து நான் கொண்டுள்ள எண்ணங்கள் தீமைக்கல்ல, நன்மைக்கே என்று இறைவன் உறுதி கூறுவது அதன் கருத்து. தேர்வு எழுதும் மாணவனுக்கும், வேலை தேடுவோனுக்கும், நோயுற்றோர்க்கும் அது வழங்கப்படுகின்றது. விரைவில் யாவும் நலமாகும் என்பதே பெறுவோர் கொள்ளும் பொருள்.

அது எழுதப்பட்ட காலத்தை இனிக் காண்போம்.

கி.மு. 597-இல் பாபிலோன் வேந்தன் நேபுகாத்நேச்சார் யூதாவின் தலைநகர் எருசலேமைக் கைப்பற்றினான். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள சிறு களிமண் பலகை ஒன்றில் பாபிலோனியரே இதனைப் பதிந்து வைத்துள்ளனர். ஆதார் மாதத்தின் இரண்டாம் நாள் நகர் வீழ்ந்தது என்றும், தன் உளத்துக்கு உகந்த ஒருவனை வேந்தன் அங்கு அரசனாக்கினான் என்றும் அப்பலகை கூறுகின்றது. அறிஞர் வைஸ்மன் அதனை 1956-இல் பதிப்பித்தார். சிறைப்பட்ட மன்னன் யோயாக்கீன் பதினெட்டு வயதினன். அரியணையில் அமர்ந்து மூன்றே திங்கள் ஆகியிருந்தன. அவனோடு அரசியார், அதிகாரிகள், கைவினைஞர், கொல்லர் முதலியோர் பாபிலோனுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். ஒரு நாட்டின் கைத்திறனும் கல்வியும் உடையோரைத் தேர்ந்து பெயர்த்துச் செல்வது அவ்வேந்தர்தம் அரசியல் முறை. பிற்காலத்தில் எஸ்ரா என்பார் பாபிலோனிலிருந்து எருசலேமுக்கு வர நான்கு திங்கள் பிடித்தன என்றால், அவ்வழியின் நெடுமையை உய்த்துணரலாம்.

சிறை சென்றோர் உள்ளத்தில் எழுந்த வினா ஒன்றே: எப்பொழுது திரும்புவோம்? அதற்கு விடை கூறுவோர்க்குக் குறைவில்லை. கி.மு. 595-594-இல் பாபிலோனிலேயே ஒரு கலகம் எழுந்து அடக்கப்பட்டது என்று மேற்கூறிய பலகையால் அறிகின்றோம். பேரரசு ஆட்டங்கண்டு விட்டது என்ற பேச்சு எங்கும் உலவியிருத்தல் கூடும். எருசலேமில் அனனியா என்னும் தீர்க்கதரிசி ஆலயத்தில் மக்கள் முன்னிலையில் நின்று, இரண்டே ஆண்டுகளில் மன்னனும் மக்களும் கொள்ளை போன ஆலயப் பொருள்களும் திரும்பி வந்து சேரும் என்று முழங்கினான். எரேமியாவோ பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டுமென்பதற்கு அடையாளமாகத் தம் கழுத்தில் மரநுகம் ஒன்றைப் பூட்டிக்கொண்டு திரிந்தவர். அனனியாவின் சொல்லைக் கேட்டதும் அவர் கூறிய முதல் மொழி 'ஆமென்' என்பதாகும். அப்படியே ஆகட்டும், அவ்வாறு நிகழுமாயின் எனக்கும் மகிழ்ச்சியே என்றார். எதிரியின் நற்செய்தி மெய்யாக வேண்டுமென்று விரும்பிய அவ்வுள்ளத்தை எண்ணி எண்ணி வியத்தல் தகும். ஆயினும் அது மெய்யன்று என்பதை அவர் அறிவார். அனனியா அந்நுகத்தைக் கழற்றி முறித்துப் போட்டான். எரேமியா ஒன்றும் பேசாது தம் வழியே சென்றார். பின்னர், மரநுகம் போயிற்று, இனி இரும்பு நுகம் வரும் என்று அவர் உரைத்தார்.

இத்தகைய நாள்களில்தான் எரேமியா பாபிலோனிலுள்ளோர்க்கு அத்திருமுகத்தை எழுதினார். யூதாவின் புதிய மன்னன் சிதேக்கியா நேபுகாத்நேச்சாரிடம் அனுப்பிய தூதர் இருவர் அதனை எடுத்துச் சென்றனர். நாடு திரும்பும் நாள் எது என்று காத்திருந்தோர் அதனைப் பிரித்துப் படித்தபோது என்ன கண்டனர்? வீடு கட்டிக் குடியிருங்கள். தோட்டம் வைத்து அதன் கனிகளை உண்ணுங்கள். பெண் கொண்டு, பெண் கொடுத்து, பிள்ளைகளுக்கும் மணம் முடியுங்கள். அங்கே குறையாமல் பெருகுங்கள். நீங்கள் சென்று சேர்ந்த நகரின் நலத்தை நாடுங்கள், அதற்காக இறைவனை வேண்டுங்கள் என்று இருந்தது. தோட்டம் காய்க்கப் பல ஆண்டுகள் வேண்டும். பேரப்பிள்ளை காண ஒரு தலைமுறை வேண்டும். அதன்மேல் பத்தாம் வசனம் காலத்தையே கணக்கிட்டுக் கூறுகின்றது: எழுபது ஆண்டுகள்! படித்துக் கொண்டிருந்தவர்களுள் பெரும்பாலோர் தம் ஊரை மீண்டும் காணப் போவதில்லை என்பது அதன் பொருள். அதற்கு அடுத்தே, சுவரில் நாம் காணும் பதினோராம் வசனம் வருகின்றது.

இரண்டு ஆண்டுகளில் எல்லாம் சரியாகும் என்றது அனனியாவின் வாக்கு. அதனை மறுக்க எழுந்தது எரேமியாவின் திருமுகம். இன்று அத்திருமுகத்தின் ஒரு வரியைத் தனியே எடுத்து, எல்லாம் விரைவில் சரியாகும் என்னும் பொருளில் வழங்குகின்றோம். எரேமியாவின் வாயால் அனனியாவைப் பேச வைப்பதே இது என்பது என் கருத்து.

இது வெறும் உரை வேறுபாடு அன்று, உயிர்கள் தொடர்புடையது. பாபிலோனில் இருந்துகொண்டு பொய்யுரைத்த இருவரை நேபுகாத்நேச்சார் தீயிலிட்டு வாட்டியதாக அதே திருமுகம் குறிப்பிடுகின்றது. விரைவு மீட்சியின் பேச்சு வேந்தன் செவிக்கு எட்டினால் அதன் விலை அத்தகையது. திருமுகத்தைப் பெற்ற செமாயா என்பவன் சினந்து, வீடு கட்டு, தோட்டம் வை என்று எழுதும் இப்பித்தனைத் தொழுவில் மாட்டாமல் ஏன் விட்டு வைத்திருக்கின்றீர் என்று எருசலேம் ஆசாரியனுக்கு மறுமடல் விடுத்தான். அம்மடலை ஆசாரியன் எரேமியாவின் முன்னிலையிலேயே வாசித்தான் என்பது சுவையான செய்தி. சிதேக்கியாவும் ஈற்றில் விரைவு மீட்சியை நம்பிக் கலகம் செய்தான். அதன் விளைவாக எருசலேம் முற்றுகையிடப்பட்டு, கி.மு. 586-ஐ ஒட்டி ஆலயம் எரிந்தது.

மொழி பற்றியும் ஒரு சொல். ஆங்கிலத்தில் ஒருமைக்கும் பன்மைக்கும் முன்னிலைச் சொல் ஒன்றே ஆதலின், தனி ஒருவருக்குக் கூறியது போல அவ்வசனம் அம்மொழியில் ஒலிக்கின்றது. எபிரேய மூலத்தில் உள்ளது பன்மை. தமிழ் மொழிபெயர்ப்பிலும் 'உங்கள்' என்றே உள்ளது. தமிழிலோ 'நீங்கள்' என்பது மரியாதை ஒருமையாகவும் வழங்குவதால், அட்டையைப் பெறும் அன்பர் தம்மையே குறித்ததாகக் கொள்ளுதல் இயல்பு. ஆனால் தமிழ் விவிலியத்தில் இறைவன் தனி மனிதரை 'நீ' என்றே விளிப்பான் என்பதை நினைந்தால் ஐயம் நீங்கும். அவ்வாக்கு ஒரு மக்கள் கூட்டத்துக்கு உரியது.

இன்னொன்று, 'ஷாலோம்' என்னும் எபிரேயச் சொல். அமைதி, நலம், நிறைவு என்று விரியும் பொருளுடையது. ஆங்கிலப் புதுமொழிபெயர்ப்புகள் சில பதினோராம் வசனத்தில் அதனைச் செழிப்பு எனும் பொருள்படப் பெயர்த்தமையால் பொருள் வளம் என்னும் எண்ணம் வலுத்தது. தமிழ்ப் பழைய மொழிபெயர்ப்போ 'சமாதானம்' என்று காத்துள்ளது. இதே ஷாலோம் ஏழாம் வசனத்தில் மும்முறை வருகின்றது: நகரின் ஷாலோமை நாடுக, அதன் ஷாலோமிலேயே உங்கள் ஷாலோம் இருக்கும் என்ற முறையில். ஆகவே பதினோராம் வசனம் வாக்களிக்கும் நலம் ஏழாம் வசனத்தின் நகரோடு பிணைந்தது. தம் ஆலயத்தைக் கொள்ளையிட்டோரின் நகர் நலமுற வேண்டுமென்று தோற்றவர்களைக் கேட்டுக்கொண்ட துணிவை அக்கால எழுத்துகளில் வேறெங்கும் நான் கண்டதில்லை.

அம்மக்கள் அவ்வறிவுரையைக் கேட்டனரா? களிமண் பலகைகள் விடை கூறுகின்றன. பாபிலோன் அரண்மனை இடிபாடுகளில் செருமானிய அகழ்வாளர் கண்டெடுத்து, வைத்னர் என்பவர் 1939-இல் வெளியிட்ட பலகைகளில், யூதாவின் மன்னன் யோயாக்கீனுக்கும் அவன் மைந்தர் ஐவருக்கும் எண்ணெய் அளந்து கொடுத்த கணக்கு உள்ளது. சிறையிலும் மன்னனுக்குப் பிள்ளைகள் பிறந்து வளர்ந்திருக்கின்றனர். 2014-இல் பியர்ஸ், வுன்ஷ் என்னும் அம்மையார் இருவர் நூற்றுக்குச் சற்று மேற்பட்ட பலகைகளைப் பதிப்பித்தனர். அவை முறைப்படி அகழ்ந்தவை அல்ல. பழம்பொருள் வணிகர் வழி வந்தவை. அவற்றுள் மிகப் பழையது கி.மு. 572-ஐச் சார்ந்தது, 'யூதாவின் ஊர்' எனப் பெயர் பூண்ட ஒரு குடியிருப்பை அவற்றில் காண்கின்றோம். நிலத்தைப் பயிரிட்டது, வாற்கோதுமையும் பேரீச்சையும் கடன் கொடுத்தது, வரி செலுத்தியது முதலிய அன்றாடச் செய்திகளே அவை. தந்தை பெயரிலும் மகன் பெயரிலும் தம் இறைவனின் பெயர் ஒட்டி வருகின்றது. ஒப்பந்தமோ பாபிலோனிய மொழியில், பாபிலோனிய முறைப்படி. ஊர்ப்பெயரைக் குடியேறிய இடத்துக்கு இட்டு மகிழும் இயல்பு நமக்கு மட்டும் உரியதன்று போலும்!

கி.மு. 539-இல் பாரசீகப் பேரரசன் கோரேசு பாபிலோனைப் பிடித்தான். விரும்பியோர் திரும்பலாம் என்றாயிற்று. திரும்பியோர் தொகை 42,360 என்று எஸ்ராவின் நூல் கணக்குக் கூறுகின்றது. பலர் திரும்பவில்லை. தோட்டம் காய்த்திருந்தது, பேரர் பிறந்திருந்தனர்.

துன்பத்தில் உழல்வோர் ஒரு வரியைப் பற்றிக்கொண்டு ஆறுதல் அடைவது குற்றமா என்று அன்பர் கேட்கலாம். குற்றம் என்று யான் கூறேன். அவ்வெழுபது ஆண்டைத் தானியேல் பிற்காலத்தில் நூல்களில் ஆராய்ந்து மன்றாடினார் என்று விவிலியமே கூறுகின்றது. பழைய சொல்லைப் புதிய காலத்துக்குக் கொள்ளுதல் அச்சமயத்தாரின் நெடுவழக்கே. ஆனால் தானியேல் எண்ணியது ஆண்டுகளை. நாமோ ஆண்டுகளை நீக்கி விடுகின்றோம். மகன் தேர்வில் தோற்றபோதும், நோயாளி பிழைக்காதபோதும் அட்டையை எடுத்துப் பார்க்கும் தாய்க்கு நேரும் மனமுறிவு சிறிதன்று. வாக்குப் பொய்த்ததோ, தன் நம்பிக்கை குறைவுற்றதோ என்று அவள் தன்னையே நொந்துகொள்வாள். பத்தாம் வசனமும் அவ்வட்டையில் இடம்பெற்றிருப்பின் அவள் நெஞ்சு அத்துணைத் தனிமையுறாது. நீண்ட காலம் காத்திருந்து, கண்ணால் காணாமலே மறைந்தவர்களுக்கும் அவ்வாக்கு உரியதாயிருந்தது என்பதை அவள் அறிந்திருப்பாள் அல்லவா?

ஏழாம் வசனத்துக்கு அட்டைகளில் அத்துணை வாய்ப்பில்லை. எனினும் யூதர் அதனை விட்டுவிடவில்லை. தாம் வாழும் நாட்டின் அரசுக்காகத் தொழுகைக் கூடத்தில் வேண்டுதல் செய்யும் வழக்கம் அவர்களிடையே நிலைத்தது. அதற்கு அவ்வசனத்தையே மூலமாகக் காட்டுவர். பாபிலோன் நாட்டில் தங்கியவர்களின் வழி வந்த சமுதாயம் அங்கேயே பெருந்தல்மூது நூலைத் தொகுத்தது. பாக்தாது நகர் எழுந்தபின் அதிலும் வாழ்ந்தது. 1950-51-இல் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் விமானங்களில் இசுரேல் சென்றதோடு அந்நெடிய குடியிருப்பு ஏறத்தாழ முடிவெய்தியது.

அச்சமுதாயத்தில் தோன்றியவருள் ஒருவர் தாவீது சாசூன். பாக்தாதின் ஆளுநரது கொடுமைக்கு அஞ்சி நீங்கி, 1832-ஐ ஒட்டிப் பம்பாய் வந்து சேர்ந்தார். நம்மவருள் அந்நகரில் வாழ்ந்தோர் அவர் பெயர் தாங்கிய நூலகத்தையும், அவர் மகனார் கட்டி 1875-இல் திறக்கப்பட்ட கொலாபாவின் சாசூன் துறையையும் அறிவர். அத்துறையில் இன்றும் விடியுமுன் மீன்படகுகள் வந்து அணைகின்றன. புனேயில் அவர் பொருளுதவியால் எழுந்த மருத்துவமனை நோயாளிகளுக்குத் தொண்டு செய்து வருகின்றது.